நாவலை எடுத்தால் பத்தாவது பக்கத்தில் கண் சொருகுகிறது, என்ன வழி?

மூன்றாம்பாகம்:

வணக்கம். ஆபீஸ், சமையல், பாத்திரம் எல்லாம் முடிந்து ஒன்பதரைக்குத்தான் புத்தகத்தைக் கையில் எடுக்க முடிகிறது. இப்போது போய்க்கொண்டிருப்பது 800 பக்கச் சரித்திர நாவல். கதை பிடித்திருக்கிறது, சலிப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் எட்டுப் பத்துப் பக்கத்துக்குள் கண் சொருகிவிடுகிறது. மறுநாள் எடுத்தால் கடைசி நாலு பக்கம் படித்த ஞாபகமே இருப்பதில்லை.

கேட்பீர்கள் என்று விவரத்தை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன். வயது 45. ப்ரோக்ரெசிவ் கண்ணாடி (தூரத்துக்கும் படிப்பதற்கும் ஒரே கண்ணாடி). கட்டிலில் தலையணையைச் சுவரோரம் வைத்துச் சாய்ந்துகொண்டு படிப்பது வழக்கம். அறையில் சுவர் உச்சியில் ஒரே ஒரு 20 வாட் எல்இடி ட்யூப். தூங்குவது பதினொன்றரை, எழுவது ஐந்தரை. மாலை ஐந்து மணிக்கு ஒரு ஃபில்டர் காபி. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு எடுத்தாலும் இதே கதைதான்.

புரியாத விஷயம் ஒன்று. அதே கட்டிலில் மொபைலை எடுத்தால் பன்னிரண்டு வரை தூக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. புத்தகத்துக்கு மட்டும் ஏன்? பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கான யோசனைகள் நிறையக் கிடைக்கின்றன. இது ஆசைக்குப் படிப்பது. அதற்குத் தோதாகச் சொல்லுங்கள்.

---

சுக்குமல்லி:

முகத்தை நல்லா கழுவிட்டு ஒரு ஸ்ட்ராங் காபி போடுங்க. தூக்கமாவது ஒண்ணாவது.

---

நைட்டூட்டி:

மேலே சொன்ன காபி ஒன்பதரை மணிக்கு வேண்டவே வேண்டாம். குடித்த கஃபீன் உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பிடிக்கும். ஆளைப் பொறுத்து மூன்றிலிருந்து ஏழு வரை போகும். இரவு ஒன்பதரைக்குக் குடித்தது இரண்டரை மணிக்கும் பாதி உள்ளே இருக்கும். படுத்ததும் தூங்கினாலும் ஆழம் குறைந்துவிடும். அதன் பலனாக மறுநாள் பத்துப் பக்கம் ஐந்தாகும், அதற்கு இன்னொரு காபி. முகம் கழுவுவதும் அப்படித்தான், சில நிமிஷத்துக்கு மேல் தாங்காது.

கஃபீன் தூக்கத்தைப் போக்குவதில்லை, மறைக்கிறது. விழித்திருக்கிற நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது ஒட்டிக்கொள்ள வேண்டிய இடத்தில் கஃபீன் முந்திப் போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். சேர்ந்தது சேர்ந்தபடியே இருக்கும்.

மொபைல் கேள்விக்கு வருகிறேன். மொபைல் சில நொடிக்கு ஒருமுறை புதிதாக ஒன்றைக் காட்டி உங்களை உசுப்பிக்கொண்டே இருக்கிறது. போதாததற்கு ஒளியையும் கண்ணுக்கு நேராக அடிக்கிறது. புத்தகத்தில் அந்த உசுப்பல் கிடையாது. வரியைப் பிடித்துக்கொண்டு காட்சியை மனசுக்குள் நீங்களேதான் கட்ட வேண்டும். உடம்பில் ஏற்கெனவே இருக்கிற தூக்கம் அங்கேதான் வெளியே தெரியும். ஆகவே புத்தகம் தூக்கத்தை வரவழைக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒன்பதரை மணிக்கு நீங்கள் எவ்வளவு தூக்கக் கலக்கத்தில் இருக்கிறீர்கள் என்பதை மொபைல் மறைக்கிறது, நாவல் காட்டிக்கொடுக்கிறது.

பதினொன்றரையிலிருந்து ஐந்தரை ஆறு மணி நேரம். வயது வந்தவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவச் சங்கம் 2015இல் வெளியிட்ட பரிந்துரை. தினம் ஒரு மணி நேரம் கடன் விழுந்தால் வார இறுதிக்குள் ஓர் இரவுத் தூக்கமே காணாமல் போயிருக்கும். முதலில் மொபைலை வேறு அறையில் வைத்துவிட்டு பத்தரைக்குப் படுத்துப் பாருங்கள். இரண்டு வாரம் போதும். விளக்கு, நாற்காலி எல்லாம் அதற்கப்புறம்.

இன்னொன்று. பகலில் எவ்வளவு தூக்கம் வருகிறது என்று அளக்க எப்வொர்த் அளவுகோல் என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. மெல்பர்ன் மருத்துவர் மரே ஜான்ஸ் 1991இல் வெளியிட்டது. உலகம் முழுக்கத் தூக்க கிளினிக்குகளில் இதைத்தான் கையில் கொடுப்பார்கள். அதன் முதல் கேள்வியே உங்கள் கேள்விதான்: உட்கார்ந்து படிக்கும்போது கண் அயர்வீர்களா? மற்ற ஏழு: டிவி பார்க்கும்போது, தியேட்டர், மீட்டிங் போன்ற பொது இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, நிற்காமல் ஒரு மணி நேரம் காரில் பயணியாகப் போகும்போது, மதியம் ஓய்வுக்குப் படுக்கும்போது, ஒருவரோடு உட்கார்ந்து பேசும்போது, மதிய உணவுக்குப் பின் (மது இல்லாமல்) அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது, போக்குவரத்தில் வண்டி சில நிமிஷம் நிற்கும்போது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போடுங்கள். 0 என்றால் அயரவே மாட்டேன், 3 என்றால் பெரும்பாலும் அயர்ந்துவிடுவேன். மொத்தம் 24. பத்து வரை பரவாயில்லை. பதினொன்றும் அதற்கு மேலும் வந்தால் இது வாசிப்புப் பிரச்சினை இல்லை, டாக்டரைப் பாருங்கள்.

அங்கே போகும்போது குறட்டை உண்டா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று வீட்டில் கேட்டுக்கொண்டு போங்கள், அது தூங்குகிறவருக்குத் தெரியாது. ஹீமோகுளோபின், டிஎஸ்ஹெச் (தைராய்டு ரத்தப் பரிசோதனை) இரண்டும் பார்க்கச் சொல்வார்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே, ஆண்களுக்கு 13க்குக் கீழே என்றால் ரத்தசோகை. மாத்திரைச் சீட்டையும் எடுத்துப் போங்கள். சளிக்கும் அரிப்புக்கும் சாப்பிடுகிற செட்ரிஸின், அவில், நரம்பு வலிக்கான ப்ரீகாபலின், ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கிற அமிட்ரிப்டிலின் எல்லாமே தூக்கம் தருபவை. நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். நேரத்தை மாற்றிப் போடலாமா என்று கேளுங்கள்.

---

கண்ணளவு:

தூக்கக் கணக்கு சரி. ஆனால் 45 வயதில் "படித்தால் தூக்கம் வருகிறது" என்று வருகிறவர்களில் பலருக்கு வருவது தூக்கமே இல்லை, கண் அசதி. வித்தியாசம் கண்டுபிடிக்க எளிய வழி: இமை கனத்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து ஐந்து நிமிஷம் ஏதாவது வேலை பாருங்கள். தெளிவாகிவிட்டால் கண். அப்போதும் கொட்டாவி தொடர்ந்தால் தூக்கம்.

உங்கள் விவரத்தில் இரண்டு சங்கதி ஒன்றோடொன்று மோதுகிறது: ப்ரோக்ரெசிவ் கண்ணாடியும் சாய்ந்த கட்டிலும். ப்ரோக்ரெசிவில் படிக்கிற பவர் கண்ணாடியின் அடிப்பகுதியில், நடுவில் ஒரு சிறு இடத்தில்தான் இருக்கும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, புத்தகம் மார்புக்குக் கீழே இருந்தால் பார்வை தானாக அந்த இடம் வழியாக இறங்கும். தலையணையில் சாய்ந்து புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்தால் மேல்பகுதி வழியாக, அதாவது தூரப் பவர் வழியாகப் படிக்கிறீர்கள். எழுத்து தெரியும், ஆனால் கண்ணின் தசை முழு வேலையும் செய்யும். இல்லாவிட்டால் மோவாயைத் தூக்கிக்கொண்டு படிப்பீர்கள், கழுத்து பிடித்துக்கொள்ளும்.

அந்த முழு வேலை எவ்வளவு என்று பார்ப்போம். 40 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிற எழுத்தைப் பார்க்கக் கண் 2.5 டயாப்டர் (கண்ணாடிப் பவரை அளக்கிற அதே அலகு) அளவு குவிய வேண்டும். 45 வயதில் சராசரியாக மொத்தச் சக்தியே 5 டயாப்டர்தான், சிலருக்கு 4. மொத்தத்தில் பாதிக்கு மேல் தொடர்ந்து இழுத்தால் அரை மணி நேரத்தில் அசதி வரும் என்பது எங்கள் தொழிலில் வழக்கமான கணக்கு. நீங்கள் சரியாக விளிம்பில் நிற்கிறீர்கள்.

ஒருக்களித்துப் படுத்துப் படிப்பது இதைவிட மோசம். கீழே இருக்கிற கண்ணைத் தலையணை பாதி மறைக்கும், ஒரு கண்ணுக்கு எழுத்து கிட்டே, இன்னொன்றுக்கு எட்ட. இரண்டு கண்ணும் சேர்ந்து உழைக்க முடியாமல் ஒன்று ஒதுங்கிக்கொள்ளும்.

கண் காய்வதும் ஒரு காரணம். படிக்கும்போது இமைப்பது வெகுவாகக் குறையும். நேர் மேலே மின்விசிறியோ முகத்தில் அடிக்கிற ஏசி காற்றோ இருந்தால் பத்து நிமிஷத்தில் எரிச்சல் வந்து, "கொஞ்சம் மூடிக்கொள்வோம்" என்று மூடினால் அப்படியே தூக்கம். விசிறியைக் குறைக்க வேண்டியதில்லை, அதன் நேர் கீழிலிருந்து நாற்காலியைத் தள்ளிப் போடுங்கள். பக்கம் திருப்பும் ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை நிதானமாக, முழுக்க மூடி இமையுங்கள். அத்தியாயம் முடிந்ததும் ஜன்னலுக்கு வெளியே இருபது அடிக்கு அப்பால் இருக்கிற ஏதாவது ஒன்றை அரை நிமிஷம் பாருங்கள்.

வரி மாறி மாறி விழுகிறது, எழுத்து இரண்டாகத் தெரிகிறது, ஒரு கண்ணை மூடினால் சுகமாக இருக்கிறது என்றால் அது வேறு. பென்சில் முனையை நேராகப் பிடித்து மெதுவாக மூக்கை நோக்கிக் கொண்டுவாருங்கள். பத்து சென்டிமீட்டருக்கு வெளியிலேயே முனை இரண்டாகப் பிரிந்தால், இரண்டு கண்ணும் உள்நோக்கித் திரும்புவதில் குறை. பயிற்சி இருக்கிறது, ஆனால் பரிசோதித்துவிட்டுச் செய்வது நல்லது.

---

திண்ணைவாசி:

கண்ணளவு சொன்னதோடு ஒட்டி, உட்காருவதையும் வெளிச்சத்தையும் மட்டும் சொல்கிறேன்.

கட்டிலை விடுங்கள். தூக்கம் வராதவர்களுக்கு 1972இல் ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் ஒரு முறை வகுத்தார். கட்டில் தூங்க மட்டும், படிப்பது டிவி பார்ப்பது எல்லாம் வேறிடத்தில். நாளாக ஆக, கட்டிலைக் கண்டாலே தூக்கம் வரும். உங்களுக்கு இது ஏற்கெனவே நடந்துவிட்டது, ஆனால் புத்தகத்தையும் கூடச் சேர்த்துக்கொண்டு. கட்டில், தலையணை, புத்தகம் மூன்றும் சேர்ந்து உடம்புக்கு ஒரு சமிக்ஞையாகியிருக்கிறது. இரண்டையும் பிரித்தால்தான் தீரும். படிப்பது ஓரிடம், தூங்குவது ஓரிடம். கண் சொருகினால் புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து கட்டிலுக்குப் போங்கள். புத்தகம் கூட வரக் கூடாது.

ஈஸிசேரும் கட்டில் மாதிரிதான், பின்னால் சாய்ந்தால் உடம்பு தளர்ந்துவிடும். நிமிர்ந்த முதுகுள்ள சாப்பாட்டு மேஜை நாற்காலி, பாதம் தரையில் பதிய வேண்டும். தரையில் சம்மணம் போட வசதிப்படுகிறவர்கள் வியாசபீடம் வாங்கிக்கொள்ளலாம். பூஜைச் சாமான் கடைகளில் பாராயணத்துக்கு விற்கிற மடக்குப் பலகை. எக்ஸ் வடிவில் விரியும், தடிப் புத்தகத்துக்கு அதைவிடத் தோதான சாதனம் இல்லை. மேஜை மேலேயும் வைக்கலாம்.

தாங்கி ஏன் முக்கியம் என்றால், 800 பக்கக் கெட்டி அட்டைப் புத்தகம் ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும். கை வலிக்க வலிக்கப் புத்தகம் மடிக்கு இறங்கும், தலை குனியும், கழுத்து மடங்கும், அடுத்து கண். புதுப் புத்தகம் விரியாமல் மூடிக்கொண்டே இருந்தால் நடுவில் வைத்து அழுத்தாதீர்கள், முதுகு பிளந்து தாள் உதிரும். முன்னட்டையிலிருந்து முப்பது நாற்பது பக்கம், பின்னட்டையிலிருந்து முப்பது நாற்பது பக்கம் என்று மாற்றி மாற்றி விரித்து விரலால் நீவிக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். பிறகு துணிக் கிளிப் இரண்டு போட்டால் தானாக நிற்கும்.

வெளிச்சம். 20 வாட் எல்இடி ட்யூப் ஏறக்குறைய 2000 லூமென் (விளக்கு தருகிற மொத்த ஒளி) கொடுக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் அது பரவி, மேஜை உயரத்துக்கு வரும்போது 100 லக்ஸ் (ஓர் இடத்தில் வந்து விழுகிற ஒளியின் அளவு) சுற்றித்தான் நிற்கும். சுவர் அழுக்காக இருந்தால் இன்னும் குறைவு. படிக்க 300 முதல் 500 வேண்டும். போதாக்குறைக்கு நீங்கள் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடிப்பதால் ட்யூப் வெளிச்சம் அட்டையின் மேல் விழுகிறது, பக்கம் நிழலில் இருக்கிறது. ஒருநாள் விரலைப் பக்கத்தின் மேல் வைத்துப் பாருங்கள், நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று தெரிந்துவிடும்.

ஒரு மேஜை விளக்கு போதும். மூடி உள்ளது, பல்ப் நேராகக் கண்ணில் படக் கூடாது. 5 அல்லது 6 வாட் எல்இடி, பக்கத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், தோளுக்கு ஓரமாக. அதிலேயே 500 லக்ஸ் கிடைத்துவிடும். பல்பு அட்டைப்பெட்டியில் ஒளியின் நிறத்தைச் சொல்கிற கெல்வின் எண் போட்டிருக்கும்: நம் கடைகளில் கேட்காமல் எடுத்துக் கொடுப்பது 6500, நீலம் கலந்த வெள்ளை. பகலில் படிக்க அது நல்லதுதான். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் 3000 அல்லது 4000 வாங்குங்கள். நீல ஒளி விழிப்பைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் உங்களுக்கு வேண்டியது அரை மணி நேர விழிப்பு, அதற்காகத் தூங்கும் நேரத்தை ஒரு மணி தள்ளிப் போட்டால் நைட்டூட்டி சொன்ன கடன் ஏறும். ட்யூபையும் அணைக்க வேண்டாம். இருட்டறையில் பக்கம் மட்டும் பளிச்சென்று இருந்தால் கண் சீக்கிரம் களைக்கும்.

ஏசி போட்டுக் கதவு ஜன்னல் எல்லாம் சாத்திய சின்ன அறையில் இரண்டு மூன்று பேர் இருந்தால், மூச்சுக் காற்று தேங்கியே மந்தம் வரும். ஸ்ப்ளிட் ஏசி உள்ளே இருக்கிற காற்றைத்தான் சுற்றிச் சுற்றிக் குளிரவைக்கிறது. கதவை நாலு விரற்கடை திறந்து வையுங்கள்.

---

மூன்றாம்பாகம்:

எல்லோருக்கும் நன்றி. எப்வொர்த் போட்டுப் பார்த்தேன், 9 வருகிறது. படிப்பதற்கு 3, மதியம் படுப்பதற்கு 3, மற்றதெல்லாம் சில்லறை. குறட்டை இல்லை என்று வீட்டில் சொல்கிறார்கள்.

ஹாலில் பத்து மணி வரை டிவி ஓடும். சமையலறையை ஒட்டிய சாப்பாட்டு மேஜைதான் கிடைக்கும், அங்கே விளக்கு வைத்துக்கொள்கிறேன். இரண்டு சந்தேகம். ஞாயிறு மதியம் என்ன செய்வது? அடுத்தது, கண் முழித்திருந்தும் வரி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறதே, மனசு எங்கேயோ போய்விடுகிறதே, அதற்கு?

---

நைட்டூட்டி:

9 என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. தூக்க நேரத்தை மட்டும் கூட்டுங்கள்.

ஞாயிறு மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை உடம்பின் கடிகாரமே ஒரு பள்ளத்தில் இறங்கும். சாப்பிடாவிட்டாலும் இறங்கும். மேலே சோறு, அப்பளம், பாயசம் என்று போனால் பள்ளம் ஆழமாகும். அதோடு மல்லுக்கட்டிக்கொண்டு நாவலைத் திறக்காதீர்கள். சோற்றைக் குறைத்துக் கூட்டு, பொரியல், சுண்டலைக் கூட்டிச் சாப்பிட்டுவிட்டுப் பத்து நிமிஷம் நடங்கள். ஒரு மணி நேரம் கழித்து அரை டம்ளர் காபி குடித்த கையோடு அலாரம் வைத்து இருபது நிமிஷம் படுங்கள். கஃபீன் வேலை செய்ய ஆரம்பிக்க இருபது முப்பது நிமிஷம் ஆகும். எழும்போது குட்டித் தூக்கமும் கஃபீனும் ஒரே சமயத்தில் கைகொடுக்கும். அலாரம் அடித்ததும் எழ வேண்டும். அரை மணியைத் தாண்டி ஆழ்ந்த தூக்கத்தில் இறங்கிவிட்டால் எழுந்த பிறகும் மந்தம் நீடிக்கும். மூன்றரைக்குப் புத்தகத்தைத் திறங்கள்.

ஐந்து மணிக் காபியை மூன்றரை நாலுக்கு முன்னால் முடித்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காபி, டீ வேண்டாம் என்று ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2024 உணவு வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது, இரும்புச்சத்து உடம்பில் சேராமல் தடுக்கும். அதே வழிகாட்டிக் கணக்கில் 150 மில்லி வடிகட்டிய காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் கஃபீன், இன்ஸ்டன்டில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65. ஒரு நாளைக்கு 300ஐத் தாண்டக் கூடாது. சிக்கரியில் கஃபீன் கிடையாது, ஆகவே பாதிக்குப் பாதி சிக்கரி கலந்த பொடியில் கெட்டியாகத் தெரிகிற டிகாக்ஷன் அந்த அளவுக்கு விழிப்புத் தராது.

---

பழுப்புத்தாள்:

இரண்டாவது சந்தேகத்துக்கு நான் வருகிறேன். மனசு நின்றபிறகும் கண் பழக்கத்தில் வரி வரியாக ஓடிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் போன பக்கம் எதுவும் தங்காது, அதனால்தான் உங்கள் நாலு பக்கம் காணாமல் போகிறது. வருவதற்கு முன்னால் அடையாளம் உண்டு: ஒரே வரியை மூன்றாவது தடவை தொடுவது, பேசுவது யார் என்று மேலே போய்த் தேடுவது, வருணனைப் பத்தியைத் தாண்டி அடுத்த பேச்சுக்குக் கண் தாவுவது. முதல் அடையாளத்திலேயே அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். மறுநாள் அந்தப் புள்ளிக்கு ஒரு பக்கம் முன்னாலிருந்து தொடங்கினால் போதும், அத்தியாயத்தையே திருப்பிப் படிக்க வேண்டாம்.

புள்ளி வைத்ததும் எழுந்து நின்று அடுத்த ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். முணுமுணுப்பு போதாது, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கிற அளவு. வாய், காது, மூச்சு எல்லாம் சேர்ந்துகொள்வதால் மனசு நழுவ இடமில்லை. முக்கியமாகச் சரித்திர நாவலில் உரையாடல் வருகிற இடங்கள் உரக்கப் படிக்கவே எழுதினதுபோல இருக்கும். டிவி ஓடுகிற வீட்டில் கூச்சமாக இருந்தால் சமையலறையிலிருந்து வாசல் வரை நடந்துகொண்டே படிக்கலாம். ஒரு பக்கம் முடிந்ததும் உட்காருங்கள். அப்படி இரண்டு தடவை எழுந்தும் மூன்றாவது புள்ளி விழுந்தால் அன்றைக்கு அவ்வளவுதான், மூடிவிட்டுத் தூங்கப் போங்கள்.

பெரிய நாவலில் இன்னொரு சிக்கல் பெயர். ஒரே ஆளைப் பட்டப்பெயர், குலப்பெயர், பதவிப் பெயர் என்று மூன்று விதமாகச் சொல்வார்கள். பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை "இவர் யார்?" என்று முட்டிக்கொண்டால் களைப்பு வராமல் என்ன செய்யும்? தபால் கார்டு அளவில் ஓர் அட்டையைப் புத்தகக் குறியாக வைத்துக்கொண்டு முன்பக்கத்தில் ஆட்களும் அவர்களுக்குள் உறவும், பின்பக்கத்தில் அத்தியாயத்துக்கு ஒரே ஒரு வரி. "வந்தியவன் தப்பினான், ஓலை போச்சு" என்கிற மாதிரி உங்களுக்குப் புரிந்தால் சரி. அட்டையில் இடம் இல்லாமல் போகும்போதுதான் கதை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரியும்.

அளவுக்கும் ஒரு வார்த்தை. வார இதழில் தொடராக வந்த நாவல்களின் அத்தியாயம் ஒரு வாரத்துக்கு ஒன்றாக எழுதப்பட்டது. ஒரே மூச்சில் படிக்கிற நீளம்தான் இருக்கும், முடிவில் ஒரு கொக்கியும் இருக்கும். ராத்திரிக்கு ஒன்று அல்லது இரண்டு. ஆனால் கொக்கியில் நிறுத்தாதீர்கள். அடுத்த அத்தியாயத்தின் முதல் பக்கத்தையும் படித்துவிட்டு, காட்சி நடுவில் நிறுத்துங்கள். புது அத்தியாயம் பெரும்பாலும் வேறு ஊர், வேறு ஆட்கள் என்று வருணனையோடு தொடங்கும். அந்த மேட்டைக் களைத்த கண்ணோடு ஏறுவதுதான் கஷ்டம். இன்றைக்கே ஏறி வைத்துவிட்டால் நாளைக்கு நேரே கதைக்குள் இறங்கலாம்.

முடிந்தால் காலையில் எழுந்ததும் பதினைந்து நிமிஷம் இந்தக் கனத்த நாவலுக்கு, ராத்திரிக்குச் சிறுகதையோ கட்டுரையோ. ராத்திரிப் புத்தகம் எவ்வளவு நல்லது என்பதைவிட எவ்வளவு சிறியது என்பதுதான் முக்கியம்.

---

சுக்குமல்லி:

வறுகடலை கொறிச்சுக்கிட்டே படிச்சா தூக்கம் வராது, இதையாவது ஒத்துக்குவீங்களா?

---

பழுப்புத்தாள்:

ஒத்துக்கொள்கிறேன். மெல்லுகிற வரைக்கும் கொஞ்சம் விழிப்பு இருக்கும். எண்ணெய் இல்லாத பொட்டுக்கடலையாக இருக்கட்டும், நூலகப் புத்தகமாக இல்லாமலும் இருக்கட்டும்.

கிண்டில் வைத்திருப்பவர்களுக்கு: தமிழ் எழுத்தை ஆங்கிலத்துக்கு வைக்கிற அளவைவிட இரண்டு படி பெரிதாக வையுங்கள். ண, ன சுழியும் ஒற்றெழுத்தின் புள்ளியும் சின்ன அளவில் கரைந்துவிடும், கண் ஒவ்வொன்றிலும் நின்று நின்று போகும். வரி இடைவெளியைக் கூட்டி, ஓரத்தையும் அகலமாக்குங்கள். வரிக்கு ஐந்தாறு சொல் விழுந்தால் சரி. வலது ஓரத்தைச் சமன்படுத்துகிற அமைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள். நீளமான தமிழ்ச் சொற்களை வைத்துக்கொண்டு ஓரத்தைச் சமன்படுத்தப் போனால் சொல்லுக்கு நடுவில் ஓட்டை ஓட்டையாக விழும். அச்சுப் புத்தகத்திலும் மலிவுப் பதிப்பை வாங்கிப் பொடி எழுத்தோடு போராடுவதைவிட, கூட நூறு இருநூறு கொடுத்துப் பெரிய எழுத்துப் பதிப்பு வாங்குவது லாபம்.

---

மூன்றாம்பாகம்:

சாப்பாட்டு மேஜையில் விளக்கு வைத்தாயிற்று. கண்ணளவு அவர்களுக்கு ஒரு கேள்வி: படிப்பதற்கென்று தனியாக ரெடிமேட் ப்ளஸ் கண்ணாடி வாங்கிக்கொள்ளலாமா? என் சீட்டில் இரண்டு கண்ணுக்கும் தூரத்துக்கு மைனஸ் 1.50, ஆட் (படிப்பதற்காக அதோடு கூட்டுகிற பவர்) 1.50 என்று இருக்கிறது. சிலிண்டர் (கண்ணின் வளைவு சீராக இல்லாததற்குக் கொடுக்கிற பவர்) எதுவும் இல்லை.

---

கண்ணளவு:

வாங்காதீர்கள். ப்ளஸ் போட்டால் எழுத்து மங்கும், இல்லையென்றால் மூக்குக்குக் கிட்டே கொண்டுவர வேண்டியிருக்கும். மைனஸ் 1.50ஓடு ஆட் 1.50ஐக் கூட்டினால் கிட்டத்துக்கு வருவது பூஜ்யம். உங்களுக்குப் படிக்கிற கண்ணாடி என்பதே வெறுங்கண்தான். ப்ரோக்ரெசிவைக் கழற்றி வைத்துவிட்டு, புத்தகத்தை 40 சென்டிமீட்டரில், அதாவது முழங்கையிலிருந்து விரல் நுனி வரையான தூரத்துக்குச் சற்றுக் குறைவாக நிறுத்திப் படியுங்கள். கண்ணாடியின் அடியில் இருக்கிற அதே பவர், ஆனால் முழுப் பக்கத்துக்கும் கிடைக்கும், தலையை ஆட்டிச் சரியான இடத்தைத் தேட வேண்டியதில்லை. சாய்ந்து படித்தாலும் இந்த விஷயத்தில் தொந்தரவு இருக்காது, திண்ணைவாசி கோபித்துக்கொள்ளக் கூடாது.

சிலிண்டர் இருக்கிறவர்களும் இரண்டு கண்ணுக்கும் பவர் மாறுகிறவர்களும் இதை அப்படியே செய்ய வேண்டாம், தனியாகப் படிப்பதற்கு மட்டும் ஒரு கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஆட் பவர் இன்னும் பத்து வருஷத்துக்கு ஏறிக்கொண்டே போகும். உங்களுக்கு அது 2.00ஐத் தொடும்போது வெறுங்கண்ணில் எழுத்து மறுபடி கனக்க ஆரம்பிக்கும். வருஷத்துக்கு ஒருமுறை அளவு பார்த்துவிடுங்கள், அப்போது ப்ளஸ் 0.50 ஒன்று போட்டுக்கொள்ளலாம்.